பச்சையத்தைக் கைவிட்ட செடிகள்: மலையகத்து ஒட்டுண்ணித் தாவரங்களும் அவற்றின் ஜீனோமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கம் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். ஒட்டுண்ணிப் பாடம் வரும் போதெல்லாம் பிள்ளைகள் கேட்டவை, அவர்கள் வீட்டில் அப்பா அம்மா கேட்டு அனுப்பியவை என்று பல வருடங்களாகச் சேர்ந்த கேள்விகள் இவை. இலங்கைப் பாடநூலில் பச்சையவுருமணி என்பதைத் தமிழ்நாட்டில் பசுங்கணிகம் என்பார்கள், ஒளியைக் கொண்டு சீனி செய்யும் சிறு அறை அது. நாங்கள் கலம் என்றால் அங்கே செல். கரு என்றால் உட்கரு, இழைமணி என்றால் மைட்டோகாண்ட்ரியா, ஒளித்தொகுப்பு என்றால் ஒளிச்சேர்க்கை. கூர்ப்பு என்றால் பரிணாமம். ஓர் உயிரின் டி.என்.ஏ. முழுவதையும் சேர்த்து ஜீனோம் என்றே எழுதுகிறேன்.

எங்கள் கொய்யா மரத்தில் புல்லுருவி இருக்கிறது. அதன் இலை பச்சையாகத்தானே இருக்கிறது, அதை ஏன் ஒட்டுண்ணி என்கிறீர்கள்?

பச்சையாக இருப்பதால் அது தனக்கு வேண்டிய சீனியைத் தானே செய்துகொள்கிறது. தண்ணீரும் கனியுப்பும்தான் அதற்குச் சொந்தமாகக் கிடைப்பதில்லை, ஏனென்றால் மண்ணைத் தொடும் வேர் அதற்கு இல்லை. கிளைக்குள் ஓர் உறுப்பை இறக்கி, மரத்தின் காழிலிருந்து, அதாவது தண்ணீரை மேலே கொண்டு போகும் இழையத்திலிருந்து, அவற்றை எடுக்கிறது. அந்த உறுப்புக்குப் பருகி என்று பெயர். பருகி இருந்தால் ஒட்டுண்ணித் தாவரம், இல்லாவிட்டால் இல்லை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சீனியைத் தானே செய்து தண்ணீரை மட்டும் எடுப்பவை அரை ஒட்டுண்ணிகள். சீனியையும் சேர்த்து எடுப்பவை முழு ஒட்டுண்ணிகள். உலகத்தில் பூக்கும் தாவரங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று ஒட்டுண்ணி, அதாவது 4,500 இனங்களுக்கு மேல்.

புல்லுருவியை யாழ்ப்பாணத்தில் குருவிச்சை என்பார்கள். அந்தப் பெயரிலேயே குருவி இருக்கிறது. பூங்கொத்திக் குருவி பழத்தைத் தின்னும், பசை ஒட்டிய விதை எச்சத்தோடு வெளியே வரும், குருவி அதைக் கிளையில் தேய்த்து விடும். விதை முளைக்க வேண்டிய இடமும் அந்தக் கிளைதான்.

மரத்தில் வளரும் ஓர்க்கிட், பன்னம் (பெரணி), ஹோர்ட்டன் சமவெளியில் தாடிபோலத் தொங்குவது, இவையும் ஒட்டுண்ணிகளா?

இல்லை. ஓர்க்கிட்டும் பன்னமும் மரத்தில் இடம் மட்டும் பிடித்திருக்கின்றன, பருகி கிடையாது. தாடிபோலத் தொங்குவது இலைக்கன், பூஞ்சணமும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர், அதற்கும் பருகி இல்லை.

மலையகத்தில் வேறு என்னென்ன ஒட்டுண்ணிகள் இருக்கின்றன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பாடநூலில் ஒரு வரியில் கடந்து போகிற விஷயம், நம் மலைகளில் படிப்படியாக எழுதி வைத்ததுபோல இருக்கிறது.

சந்தனத்தில் தொடங்குவோம். வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் இயற்கையாக வளரும் சந்தன மரம் ஓர் ஒட்டுண்ணி என்று சொன்னால் வகுப்பில் யாரும் முதலில் நம்புவதில்லை. மண்ணுக்குள் அதன் வேர் பக்கத்துச் செடிகளின் வேரைத் தேடிப் பிடித்துப் பருகியைப் பதிக்கிறது. நாற்றுமேடை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். சந்தனக் கன்று இருக்கிற பையிலேயே பொன்னாங்காணியையும் நட்டு விடுவார்கள். துணைச்செடி இல்லாவிட்டால் கன்று தேறாது.

ஹோர்ட்டன் சமவெளிப் புல்வெளியில் பெடிக்குலாரிஸ் சிலனிக்கா என்ற சிறு செடி இருக்கிறது. பச்சை இலை, அழகான பூ, பக்கத்துச் செடிகளின் வேரில் ஒட்டு. மலைக்காட்டில் கொர்த்தல்செல்லா என்று இன்னொன்று, இலையே இல்லாமல் கள்ளியைப் போலக் கணுக்கணுவாகக் கிளையில் நிற்கும். ஒரு சாண்கூட இருக்காது.

அப்புறம் மஞ்சள் நூல் பந்தைக் கொட்டிவிட்டதுபோல வேலியில் படரும் அம்மையார் கூந்தல். சிங்களத்தில் அதை ‘அக முல நெத்தி வெல’ என்பார்கள், நுனியும் அடியும் இல்லாத கொடி. மிகச் சரியான பெயர். முளைக்கும்போது சின்ன வேர் ஒன்று இருக்கும், தண்டு ஒரு செடியைப் பிடித்ததும் அது வாடிவிடும்.

இனி குறிஞ்சி. நம் இலக்கியம் மலைநிலத்துக்கே பெயராக வைத்த பூ. இங்கே சிங்களப் பெயரால் நெலு என்கிறோம். பல வருடங்களுக்கு ஒருமுறை மலையே பூக்கும்போது எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். கொஞ்சம் குனிந்து அடிமண்ணையும் பாருங்கள். குறிஞ்சியின் வேரில் கிறிஸ்டிசோனியா என்ற செடி வாழ்கிறது. பச்சையமே இல்லை, இலை வெறும் செதில். மண்ணிலிருந்து பூ மட்டும் தலை நீட்டும். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த ஜோர்ஜ் கார்ட்னர் 1847இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். இரண்டு வருடம் கழித்து நுவரெலியாவில் இறந்து போனார்.

கடைசியாகப் பாலனோபோரா. ஈரமான மலைக்காட்டின் நிழலில், மரவேர்களிலிருந்து காளான்போல மேலே வரும். அது ஒரு பூக்கும் தாவரம் என்று சொன்னால்தான் தெரியும். ஒட்டுண்ணி வாழ்வில் இதற்கு மேல் போன செடிகள் உலகத்திலேயே மிகச் சிலதான்.

பச்சையவுருமணிக்குத் தனியாக ஜீனோம் இருக்கிறதா? கருவுக்குள் இருப்பது போதாதா?

இருக்கிறது. நூறு கோடி வருடங்களுக்கும் முன்னால், தனியாக வாழ்ந்த ஒரு நீலப்பச்சைப் பக்டீரியம் இன்னொரு கலத்துக்குள் போய்த் தங்கிவிட்டது. அதன் வழிவந்ததுதான் இன்று கொழுந்து இலையில் இருக்கும் பச்சையவுருமணி. பழைய மரபணுக்களில் பெரும்பாலானவை காலப்போக்கில் கருவுக்கு இடம் மாறின, சில அழிந்தன. மிஞ்சியது ஒரு சிறு வளையம். புகையிலையின் வளையம் 1986இல் முழுமையாக வாசிக்கப்பட்டது: சுமார் 156,000 எழுத்துக்கள் (டி.என்.ஏ. எழுதப்படுவது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துக்களில்). சாதாரணப் பச்சைச் செடிகளின் வளையமும் இதை ஒட்டிய அளவுதான், அதில் 110 முதல் 130 மரபணுக்கள் இருக்கும். ஒரு பகுதி ஒளித்தொகுப்புக்கு, இன்னொரு பகுதி அந்தப் புரதங்களைச் செய்கிற இயந்திரத்துக்கு, மிச்சம் சில வேறு வேலைகளுக்கு.

ஒட்டுண்ணியான பிறகு அந்த ஜீனோமுக்கு என்ன ஆகிறது?

தேய்கிறது. அது தேய்வதில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது, அந்த ஒழுங்குதான் என்னை இந்த விஷயத்தில் கட்டிப் போட்டது.

டி.என்.ஏ. படியெடுக்கும்போது எழுத்துப் பிழை எப்போதும் வரும். பச்சைச் செடியில் ஒளித்தொகுப்பு மரபணு பழுதானால் அந்தச் செடி நலிந்துவிடும், பிழையும் அதோடு போய்விடும். சீனி வெளியிலிருந்து வருகிற செடியில் அதே பிழை யாருக்கும் நட்டமில்லை. பிழை தங்கும், அடுத்த பிழை சேரும். மரபணு முதலில் வேலை செய்யாமல் போகும், பிறகு துண்டு துண்டாக உதிரும்.

முதலில் போவது பெரும்பாலும் என்.டி.எச். என்ற 11 மரபணுக்களின் கூட்டம். ஒளித்தொகுப்பில் இலத்திரன் ஓட்டத்தைச் சீர்படுத்துகிறவை அவை. இன்னும் பச்சையாக இருக்கும் புல்லுருவி வகைகளிலேயே அவை பாழாகிவிட்டன. தக்சில்லஸ் என்ற புல்லுருவியின் வளையம் 121,000 எழுத்தளவில்தான் இருக்கிறது. சந்தனத்தில் சுமார் 144,000.

இங்கே ஓர் எச்சரிக்கை. என்.டி.எச். இல்லை என்பதை மட்டும் வைத்து ஒட்டுண்ணி என்று முடிவு செய்துவிடக் கூடாது. நம் மலைகளில் நட்டிருக்கும் பைன் மரத்தின் பேரினத்திலும் அவை இல்லை, பைன் யாரையும் ஒட்டி வாழ்வதில்லை.

அடுத்து ஒளித்தொகுப்பின் மைய மரபணுக்கள், அவற்றை இயக்கும் மரபணுக்கள் என்று போகும். ஒரே பேரினத்துக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். அம்மையார் கூந்தலில், இன்னும் கொஞ்சம் பச்சையம் வைத்திருக்கும் கஸ்கூட்டா ரிஃப்லெக்ஸாவின் வளையம் 121,521 எழுத்துக்கள். வட அமெரிக்காவின் கஸ்கூட்டா குரோனோவியில் 86,744. இரண்டும் 2007இல் வெளிவந்தன.

முழு ஒட்டுண்ணிகளில் முதலில் வாசிக்கப்பட்டது எபிஃபேகஸ் என்ற வட அமெரிக்கச் செடி, பீச் மரத்தின் வேரில் வாழ்வது. 1992இல் வந்த அந்தக் கணக்கு: 70,028 எழுத்துக்கள், 42 மரபணுக்கள். ஒளித்தொகுப்பு மரபணு ஒன்றுகூட வேலை செய்யும் நிலையில் இல்லை. ஆனாலும் வளையம் இருக்கிறது, அதைச் செடி பயன்படுத்துகிறது. அது பெரிய செய்தியாக இருந்தது. பச்சையவுருமணி என்றால் ஒளித்தொகுப்பு மட்டும்தான் என்ற எண்ணத்தை அந்த ஒரு செடி மாற்றியது.

நம் காட்டுப் பாலனோபோராவின் உறவினர் இரண்டு இனங்களை 2019இல் வாசித்தார்கள். 15,500 எழுத்தளவு. அதில் நூற்றுக்கு 88 எழுத்து ஏ அல்லது டி. நான்கு எழுத்தில் இரண்டை வைத்தே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எழுதி முடித்திருக்கிறது. அதைவிட வியப்பு, ‘இங்கே நிறுத்து’ என்று பொருள்படும் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று அதில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. உயிர்களுக்கெல்லாம் ஏறக்குறைய பொதுவான அகராதியில் ஒரு சொல்லின் பொருளையே மாற்றிவிட்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

ஆபிரிக்காவின் பைலோஸ்டைலிஸ் இன்னும் கீழே போய்விட்டது: 11,348 எழுத்துக்கள், ஐந்தாறு மரபணுக்கள்.

ஒளித்தொகுப்பே இல்லை என்றால் முழுவதும் தொலைந்திருக்க வேண்டுமே? அந்த ஐந்தாறு ஏன் மிஞ்சின?

ஏனென்றால் அந்த அறைக்குள் வேறு வேலைகளும் நடக்கின்றன. கொழுப்பமிலம் செய்வது, பழுதான புரதத்தை வெட்டி ஒதுக்குவது போன்றவற்றுக்கான மரபணுக்கள் அந்த வளையத்தில் இருக்கின்றன. குளுட்டாமிக் அமிலத்தைச் சுமக்கும் சிறு ஆர்.என்.ஏ. ஒன்றும் இருக்கிறது. புரதம் கட்டுவதற்கு மட்டுமல்லாமல், ஹீம் என்ற மூலக்கூறைச் செய்வதற்கும் தாவரம் அதை எடுத்துக்கொள்கிறது. ஹீம் இல்லாமல் இழைமணியால் சுவாசிக்க முடியாது. எல்லாம் தேய்ந்த வளையங்களிலும் இந்தச் சிறு ஆர்.என்.ஏ.யின் மரபணு அடிக்கடி தப்பி நிற்பதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

இதே கதை வேறோர் இடத்திலும் இருக்கிறது. மலேரியாக் கிருமிக்குள் பழைய பச்சையவுருமணி ஒன்றின் எச்சம் இருக்கிறது, 35,000 எழுத்தளவில் ஒரு வளையத்தோடு. ஒளியோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை, ஆனாலும் அது இல்லாமல் கிருமி பிழைக்காது. டொக்சிசைக்ளின் மருந்து தாக்குவது அந்த எச்சத்தைத்தான். மலேரியாவுக்குக் கொயினா தரும் சிங்கோனா மரத்தை வளர்க்க 1861இல் ஹக்கலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாடு இது. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த நாடும் இதுதான்.

முழுவதும் தொலைத்ததாகத் தெரிவதும் உண்டு. பிலிப்பைன்ஸில், பச்சையமே இல்லாத முழு ஒட்டுண்ணியான ரஃப்லீசியா ஒன்றில் எவ்வளவு தேடியும் வளையம் அகப்படவில்லை என்று 2014இல் எழுதினார்கள். அதன் உறவான சப்ரியாவின் முழு ஜீனோம் 2021இல் வந்தபோது அதிலும் இல்லை.

பச்சையவுருமணி ஜீனோமை வைத்து யார் யாருக்கு உறவு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஏடெழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், பாடினவன் பாட்டைக் கெடுத்தான்’ என்பார்கள். ஒரு சுவடியைப் பலர் படியெடுக்கும்போது ஒவ்வொருவரும் சில பிழைகளை விடுவார்கள். பிறகு அந்தப் பிரதியிலிருந்து எடுத்த பிரதிகளிலும் அதே பிழை தொடரும். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவை ஒரே மூலப்பிரதியிலிருந்து வந்திருக்கலாம். பதிப்பாசிரியர்கள் சுவடிகளுக்கு வம்சம் கண்டதும் தாவரவியலாளர் செடிகளுக்கு வம்சம் காண்பதும் இந்த வழியில்தான். பச்சையவுருமணி ஜீனோம் இதற்கு நல்ல சுவடி. பெரும்பாலும் தாய்வழியே கலப்பில்லாமல் வருகிறது, மெதுவாக மாறுகிறது, ஒவ்வொரு கலத்திலும் நூற்றுக்கணக்கில் பிரதிகள் இருப்பதால் எளிதில் கிடைக்கிறது.

அப்படிப் பார்த்ததில் இவற்றுக்கு யார் உறவு?

அம்மையார் கூந்தலுக்கு வத்தாளங்கிழங்கும் கங்குன் கீரையும் ஒரே குடும்பம். மன்னார், யாழ்ப்பாணக் கடற்கரைகளில் கிட்டத்தட்ட அதே உருவத்தில் படரும் கொத்தான் கொடி இருக்கிறதே, அது கறுவாவின் குடும்பம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சகோதரிகள் என்று சத்தியம் செய்வீர்கள். கூர்ப்பில் அவை பிரிந்தது மிக மிக முன்னால். வேரை விட்டுவிட்டு நூலாகிச் சுற்றும் வழியை இரண்டும் தனித்தனியே கண்டுபிடித்தன. பூக்கும் தாவரங்களில் ஒட்டுண்ணி வாழ்வு ஏறக்குறைய 12 முறை இப்படித் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

புல்லுருவி, சந்தனம், கொர்த்தல்செல்லா, பாலனோபோரா நான்கும் ஒரே வருணம் (பல குடும்பங்களைச் சேர்த்த கூட்டம்), சந்தன வருணம். அதற்குள் வேரைப் பிடிப்பதே பழைய வழக்கம், மரக்கிளைக்கு ஏறியது பிற்பாடு, அதுவும் ஒரு முறை இல்லை, ஐந்து முறை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பெடிக்குலாரிஸும் கிறிஸ்டிசோனியாவும் ஒரோபங்கேசியே குடும்பம். ஒட்டாத செடி, அரை ஒட்டுண்ணி, முழு ஒட்டுண்ணி மூன்றும் ஒரே குடும்பத்துக்குள் இருப்பதால் படிப்படியான தேய்வைப் பார்க்க இதைவிட நல்ல குடும்பம் கிடையாது.

இந்த முறை தவறான விடை தந்ததுண்டா?

உண்டு. சுவடி மிகவும் சிதைந்துவிட்டால் உறவு தெரியாது. ஒட்டுண்ணிகளின் டி.என்.ஏ. பல சமயம் மிக வேகமாக மாறுகிறது. எழுத்து நான்கே இருப்பதால், உறவே இல்லாத இரண்டு செடிகளில் ஒரே இடத்தில் ஒரே மாற்றம் தற்செயலாக வந்துவிடும். கணினி அவற்றை உறவு என்று சேர்த்து வைக்கும். ரஃப்லீசியா எங்கே சேரும் என்பது நெடுநாள் குழப்பமாக இருந்தது. கடைசியில் 2007இல் அது ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் எல்லாம் இருக்கும் குடும்பத்துக்குள் கிளைத்தது என்று காட்டினார்கள்.

இன்னொரு சிக்கல், மரபணுவே ஒட்டிய செடியிலிருந்து ஏறி வந்துவிடும். ரஃப்லீசியாக் குடும்பத்தின் இழைமணியில் அது வாழும் திராட்சைக் குடும்பத்துக் கொடியின் மரபணு இருப்பதை 2004இல் கண்டார்கள். அந்த ஒன்றை மட்டும் வாசித்தால் ரஃப்லீசியாவும் திராட்சைக்கு உறவு என்றுதான் தோன்றும். அதனால் ஒரே சுவடியை நம்புவதில்லை. பச்சையவுருமணி, இழைமணி, கரு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

டி.என்.ஏ. பார்கோட் வைத்து எந்தச் செடி என்று கண்டுபிடிக்க முடியுமா?

பார்கோட் என்றால் செடியை அடையாளம் காண வாசிக்கும் ஒரு சிறு டி.என்.ஏ. பகுதி. பச்சைப் புல்லுருவியில் முடியும். ஆனால் 2009இல் தாவரங்களுக்கென்று தேர்ந்தெடுத்த இரண்டு பார்கோட் பகுதிகளும், ஆர்.பி.சி.எல்., மட்-கே, பச்சையவுருமணி வளையத்தில் இருப்பவை. அவற்றைத் தொலைத்துவிட்ட செடியில் வாசிக்க எதுவும் இருக்காது.

ஓர் இலையிலிருந்து ஜீனோம் வரை எப்படிப் போகிறார்கள்?

இலையைப் பறித்தவுடன் சிலிக்கா ஜெல்லில் போட்டு உலர்த்துவார்கள். நம் ஊர் ஈரத்தில் வெறுமனே காய வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், டி.என்.ஏ. உடைந்துவிடும். பிறகு ஆய்வுகூடத்தில் டி.என்.ஏ.யைப் பிரித்து, இயந்திரத்தில் கோடிக்கணக்கான சிறு துண்டுகளாக வாசித்து, கணினியில் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி வளையத்தைக் கட்டுவார்கள். அம்மையார் கூந்தல் போன்றவற்றில் கவனம் தேவை. சுற்றியிருக்கும் செடியின் சிறு துணுக்கு ஒட்டி வந்தாலும், அதன் முழு வளையம் ஒட்டுண்ணியுடையது என்ற பெயரில் வந்து உட்கார்ந்துவிடும்.

ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா. அங்கே ஓர் இலையைக்கூட வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. மாணவர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

புல்லுருவியை வெட்டிவிடலாமா?

வீட்டுக் கொய்யா, மா, தேயிலைக்கு நிழலாக நட்ட கிரெவிலியா இவற்றில் அதிகமாகிவிட்டால் வெட்டுங்கள். நிறைய பிடித்தால் கிளையின் நுனி காயும், காய்ப்பும் குறையும். புல்லுருவியை மட்டும் ஒடித்தால் பருகியிலிருந்து மறுபடி துளிர்க்கும். அது பிடித்த இடத்துக்குக் கீழே, கவ்வாத்துக் கத்தியால் கிளையோடு எடுக்க வேண்டும்.

காட்டில் இருப்பதை விட்டுவிடுங்கள். அதன் பழத்தை நம்பிப் பூங்கொத்தியும் இலையை நம்பி மஞ்சளும் சிவப்புமான ஜெசபெல் வண்ணத்துப்பூச்சியின் புழுவும் இருக்கின்றன. இலங்கையில் விஸ்கம் கப்பிடெல்லாட்டம் என்ற ஒரு புல்லுருவி இன்னொரு புல்லுருவியின் மேலேயே வளர்கிறது. முதலாவதை எடுத்தால் இரண்டாவதற்கு இடமே இல்லை.

ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைப் பிள்ளை எதில் தொடங்கலாம்?

ஒரு கொப்பியும் கைப்பேசியும் போதும். லயத்துக்குப் பின்னால் இருக்கும் மரங்களில் தொடங்குங்கள். ஒவ்வொரு ஒட்டுண்ணிக்கும் எந்த மரத்தில் இருந்தது, என்ன திகதி, பூவா காயா, எந்தக் குருவி வந்தது என்று எழுதுங்கள். படம் எடுக்கும்போது பூவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். கிளையும் புல்லுருவியும் சேருமிடத்தில் ஒரு வீக்கம் இருக்கும், அதைக் கிட்டப் போய் ஒரு படம் எடுங்கள். இனம் பிரிப்பவர்கள் அடிக்கடி தேடுவதும் பெரும்பாலான படங்களில் விடுபட்டுப் போவதும் அந்த இடம்தான். பக்கத்தில் மரத்தின் இலையையும் ஒரு படம் எடுங்கள், எந்த மரம் என்று பிறகு கேட்டால் காட்டுவதற்கு.